கேப்ஸ்யூலில் போட்ட நாணயங்களை எங்கே, எப்படி வைப்பது: முழுமையான வழிகாட்டி

பாட்டி கொடுத்த இரண்டு வெள்ளி ரூபாயில்தான் என் சேகரிப்பு தொடங்கியது. ஒன்று 1907, எட்வர்டு தலை. இன்னொன்று 1918, ஐந்தாம் ஜார்ஜ். கடையில் வாங்கிய நாணய ஆல்பத்தில், மெத்துமெத்தென்று இருக்கும் பிளாஸ்டிக் பையில் செருகி, பத்திரமாக இருக்கிறது என்று நம்பி பீரோவில் வைத்துவிட்டேன். மூன்று மழைக்காலம் கழித்து எடுத்துப் பார்த்தால் இரண்டின் மேலும் பாசி படிந்த மாதிரி ஒரு பச்சைப் பிசுபிசுப்பு. எட்வர்டு பிழைத்துக்கொண்டார். ஜார்ஜின் கன்னத்தில் மட்டும் அரித்த தடம் இன்னும் இருக்கிறது.

அதற்குப் பிறகுதான் கேப்ஸ்யூலுக்கு, அதாவது இரண்டு பாதியாக வந்து நாணயத்தை நடுவில் வைத்து மூடும் தெளிந்த பிளாஸ்டிக் டப்பிக்கு மாறினேன், மாறியவுடன் எல்லாரும் செய்யும் அடுத்த தப்பையும் செய்தேன்: கேப்ஸ்யூலில் போட்டாயிற்று, இனி கவலை இல்லை என்று பிஸ்கட் டின்னில் கொட்டி வைத்தேன். கேப்ஸ்யூல் கீறலையும் விரல் ரேகையையும் தடுக்கும், அவ்வளவுதான். ஈரக் காற்று மெதுவாக உள்ளே போகத்தான் செய்யும், உள்ளே ஏற்கெனவே அழுக்கோ ஈரமோ இருந்தால் அதையும் சேர்த்துப் பூட்டி வைத்துவிடும். அதனால் மூடுவதற்கு முன் செய்யும் வேலையும், மூடிய பிறகு வைக்கும் இடமும்தான் முக்கால்வாசி விஷயம்.

மூடுவதற்கு முன்

முதலில் எடை. 0.01 கிராம் வரை காட்டும் சின்ன டிஜிட்டல் தராசு ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். கேப்ஸ்யூலில் போட்ட பிறகு எடை பார்க்க முடியாது, ஒவ்வொரு முறையும் திறந்து மூடினால் அதுவே ஆபத்து. ஆங்கிலேயர் காலத்து வெள்ளி ரூபாய் 11.66 கிராம் இருக்க வேண்டும், அதாவது சரியாக ஒரு தோலா. தேய்ந்த நாணயம் கொஞ்சம் குறையலாம். 10.8 காட்டினால் மூடுவதற்கு முன் உட்கார்ந்து யோசியுங்கள். காந்தம் வைத்தும் பாருங்கள், வெள்ளியில் ஒட்டாது. 1947, 1950 ரூபாய்கள் நிக்கல், அவை ஒட்டும், பயப்பட வேண்டாம்.

அடுத்து படம். முன்பக்கம், பின்பக்கம், முடிந்தால் விளிம்பும். கேப்ஸ்யூலுக்கு மேல் எடுக்கும் படத்தில் டியூப்லைட்டின் வெள்ளைக் கோடுதான் தெரியும்.

சுத்தம் செய்யலாமா என்பது எப்போதும் வரும் கேள்வி. செய்யாதீர்கள். நம் வீடுகளில் செம்பு என்றால் புளி, வெள்ளி என்றால் விபூதி, கை தானாக அங்கேதான் போகும். ஒருநாள் நான் வெளியே போய்விட்டு வந்தபோது அம்மா, "ஏன் இப்படிக் கறுத்துப் போய்க் கிடக்கு, தேச்சு வெச்சிருக்கேன் பாரு" என்று ஒரு விக்டோரியா கால் அணாவை நீட்டினார். புதுச் செம்பு டம்ளர் மாதிரி பளபளவென்று இருந்தது. நூறு வருடத்துக்கும் மேலாக ஊறி வந்த பழுப்பு நிறம் ஐந்து நிமிடத்தில் போய்விட்டது, கூடவே மதிப்பில் பெரும்பகுதியும். அம்மாவிடம் ஒன்றும் சொல்லவில்லை. இப்போதும் அது என்னிடம்தான் இருக்கிறது, தனிக் கேப்ஸ்யூலில்.

எண்ணெய்ப் பிசுக்கோ பழைய ஆல்பத்தின் பச்சைப் பிசுபிசுப்போ இருந்தால் மட்டும் அசிட்டோன். நகப்பூச்சு நீக்கும் திரவம் இல்லை, அதில் வாசனையும் எண்ணெயும் கலந்திருக்கும். சுத்த அசிட்டோன் தனியாகக் கிடைக்கும். கண்ணாடிக் கிண்ணத்தில் ஊற்றி, நாணயத்தைப் போட்டு, சில நிமிடம் விட்டு எடுத்து, இன்னொரு கிண்ணத்தில் புது அசிட்டோனில் ஒரு முங்கு. தேய்க்கவே கூடாது. ஜன்னல் திறந்திருக்க வேண்டும், பக்கத்தில் அடுப்போ விளக்கோ ஊதுபத்தியோ எரியக் கூடாது, அசிட்டோன் ஆவி சட்டென்று பற்றிக்கொள்ளும். அப்புறம் முக்கியமாக, நாணயம் முழுக்க உலர்ந்த பிறகே கேப்ஸ்யூலில் வையுங்கள், ஏனென்றால் அசிட்டோன் அந்தப் பிளாஸ்டிக்கையே கரைக்கும். ஒரு சொட்டு போதும், மூடி பால் மாதிரி வெளுத்துவிடும்.

அளவு பார்ப்பது

கேப்ஸ்யூல் மில்லிமீட்டர் கணக்கில் வரும். ஸ்கேல் வைத்து அளந்தால் சரிவராது, ஒரு பிளாஸ்டிக் வெர்னியர் காலிப்பர் வாங்குங்கள், உலோகத்தில் வேண்டாம், நாணய விளிம்பைக் கீறும். அடிக்கடி தேவைப்படும் சில அளவுகள்: 2011-ல் தொடங்கிய வரிசையில் ஒரு ரூபாய் 22 மி.மீ., இரண்டு ரூபாய் 25, ஐந்து ரூபாய் 23, பத்து ரூபாய் 27. 1950 நிக்கல் ரூபாய் 28. ஆங்கிலேயர் காலத்து வெள்ளி ரூபாய் சுமார் முப்பதரை, அதற்கு 31 வாங்குங்கள்.

நினைவு நாணயங்களில்தான் பலரும் மாட்டிக்கொள்கிறார்கள். தஞ்சைப் பெரிய கோயிலின் ஆயிரம் ஆண்டு நினைவாக வந்த ஆயிரம் ரூபாய் நாணயம், 2023-ல் புது நாடாளுமன்றக் கட்டடத்துக்காக வந்த 75 ரூபாய் எல்லாம் 44 மி.மீ. விட்டம், 35 கிராம் எடை. கடைகளில் சுலபமாகக் கிடைக்கும் 50 மி.மீ. சதுர ஹோல்டர்களில் பெரும்பாலும் 41 வரைதான் உள்துளை இருக்கும். 44-க்குத் தனியாகத் தேடி வாங்க வேண்டும். அழுத்தினால் உட்கார்ந்துவிடும் என்று முயற்சி செய்யாதீர்கள், நான் செய்தேன், ஹோல்டர் விரிந்தது.

நாணயத்தை ஆட்டிப் பார்த்தால் உள்ளே லொடலொடவென்று சத்தம் வரக் கூடாது. அதே சமயம் இறுக்கி நுழைக்கவும் கூடாது. அரை மி.மீ. இடைவெளி சரி. சோழர் காசு, நாயக்கர் காசு, சதுரமான சங்ககாலப் பாண்டியர் காசு மாதிரி வட்டம் கூட சரியாக இல்லாதவற்றுக்கு, நடுவில் ஃபோம் வளையமோ ஃபோம் தகடோ வைத்து, காசின் வடிவத்துக்கு வெட்டிக்கொள்ளும் வகை இருக்கிறது. அந்த ஃபோம் பாலிஎத்திலீனாக இருக்கட்டும். விலை குறைந்த கறுப்பு ரப்பர் ஃபோமில் கந்தகம் இருக்கலாம், வெள்ளி நாணயத்தைச் சுற்றிக் கறுப்பு வளையம் போட்டுவிடும்.

எந்தப் பிளாஸ்டிக்

அக்ரிலிக், பாலிஸ்டைரீன், பாலிப்ரொப்பிலீன், மைலார் எனப்படும் பெட், இந்த நான்கும் நல்லவை. ஆகாத ஒன்று பி.வி.சி. அதை மென்மையாக்கச் சேர்க்கும் பொருள் நாளடைவில் வெளியே கசியும், பிளாஸ்டிக் சிதையச் சிதைய ஹைட்ரோகுளோரிக் அமிலமும் வரும், என் ஜார்ஜின் கன்னத்தைத் தின்றது அதுதான்.

கண்டுபிடிக்க ஒரு வழி மூக்கு: புதுக் குளியலறைத் திரைச்சீலையின் நெடி அடித்தால் பி.வி.சி. இரண்டாவது, முக்கோணத்துக்குள் இருக்கும் எண்: 3 என்றால் பி.வி.சி., 1 பெட், 5 பாலிப்ரொப்பிலீன், 6 பாலிஸ்டைரீன். மூன்றாவது வழி கொஞ்சம் பள்ளிக்கூட ஆய்வகம் மாதிரி. செம்புக் கம்பியைத் தீயில் சிவக்கக் காய்ச்சி, பிளாஸ்டிக்கின் மூலையில் லேசாகத் தொட்டு, மறுபடி தீயில் காட்டுங்கள். தீ பச்சையாக எரிந்தால் குளோரின் இருக்கிறது. மொட்டைமாடியில் செய்யுங்கள், அந்தப் புகை நல்லதில்லை.

கேப்ஸ்யூல் நல்லதாக இருந்தும் அதைப் போட்டு வைக்கும் ஆல்பத்தின் தாள் பி.வி.சி.யாக இருப்பது சகஜம். அதையும் சோதியுங்கள்.

மூடும்போது

மேசை மேல் தடித்த துண்டு ஒன்றை விரியுங்கள். நாணயம் நழுவினால் துண்டில் விழட்டும். கையை சோப்புப் போட்டுக் கழுவி நன்றாகத் துடைத்து, விளிம்பில் மட்டும் பிடியுங்கள். பருத்திக் கையுறை போடச் சொல்வார்கள், எனக்கு அதில் பிடி நழுவுகிறது, பவுடர் இல்லாத நைட்ரைல் கையுறை மேல். நாணயத்தின் மேல் குனிந்துகொண்டு பேசாதீர்கள். கண்ணுக்குத் தெரியாத எச்சில் துளி, ஆறு மாதம் கழித்து, செம்பில் கறுப்புப் புள்ளியாகத் தெரியும்.

கேப்ஸ்யூலின் இரண்டு பாதியையும் ரப்பர் ஊது பந்தால் ஊதுங்கள், வாயால் வேண்டாம். நாணயத்தை அடிப்பாதியில் வைத்து, மேல்பாதியை நேராக வைத்து, விளிம்பைச் சுற்றி நான்கு இடத்தில் அழுத்துங்கள். டிக் என்று ஒரு சத்தம் வரும். நடுவில் அழுத்தினால் மூடி வளைந்து நாணயத்தின் மேட்டுப் பகுதியைத் தொடும்.

மழை நாளில் இந்த வேலையை வைத்துக்கொள்ளாதீர்கள். காற்றில் இருக்கும் ஈரத்தையும் சேர்த்துத்தான் மூடுகிறோம். ஏசி ஓடும் அறையில் ஒரு மணி நேரம் எல்லாவற்றையும் வைத்திருந்து அங்கேயே மூடுவது என் வழக்கம். அதே காரணத்தால், ஏசி அறையில் இருந்த பெட்டியை வியர்க்கும் கூடத்துக்குக் கொண்டுவந்து உடனே திறக்கக் கூடாது, குளிர்ந்த சோடா பாட்டில் மேல் முத்து முத்தாக வருமே, அதுதான் நாணயத்தின் மேலும் வரும். பெட்டி அறைச் சூட்டுக்கு வரும்வரை மூடியே இருக்கட்டும்.

எங்கே வைப்பது

இரும்பு பீரோ நல்லது. மரம் அவ்வளவு நல்லதில்லை, பிளைவுட்டும் எம்.டி.எஃப். பலகையும் அதைவிட மோசம், மரமும் பசையும் விடும் அமில ஆவி ஈயத்தையும் செம்பையும் மெல்ல அரிக்கும். வெல்வெட் போட்ட மரப்பெட்டி பார்க்க அழகாக இருக்கும், நான்கு நாள் கண்காட்சிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

பீரோ என்றவுடன் நம் ஊரில் கூடவே வருவது பாச்சா உருண்டை. பட்டுப்புடவைக்கு வைப்பது பாலிஸ்டைரீனுக்கு எமன். நாஃப்தலீன் ஆவி அந்தப் பிளாஸ்டிக்கை இளக்கும். என் பெரியம்மா வீட்டு பீரோவில் ஒரு வருடம் வைத்திருந்த எட்டு கேப்ஸ்யூலின் மூடியும் மங்கி, விரல் வைத்தால் ஒட்டியது. கற்பூரமும் அதே பாவத்தைச் செய்யும், அதனால் பூஜை அறை அலமாரியும் வேண்டாம். ரப்பர் பேண்ட், கம்பளித் துணி, செய்தித்தாள், நகைக்கடையில் சுற்றித் தரும் ரோஸ் காகிதம், இவை எதுவும் உள்ளே இருக்கக் கூடாது. வெள்ளியைக் கறுக்கவைப்பது கந்தகம், ரப்பரிலும் கம்பளியிலும் அது தாராளம்.

சரி, ஈரம். சென்னை மாதிரி கடலோர ஊரில் இதுதான் பெரிய சண்டை. நாணயம் இருக்கும் பெட்டிக்குள் ஈரப்பதம் 40 முதல் 50 சதவீதத்துக்குள் இருந்தால் நிம்மதி. அதற்கு விலை உயர்ந்த அலமாரி எதுவும் தேவையில்லை. சமையலறைக்கு வாங்கும், மூடியில் சிலிக்கான் வளையம் உள்ள, நான்கு பக்கமும் கிளிப் போடும் பாலிப்ரொப்பிலீன் டப்பா போதும். அடியில் 5 என்று எண் இருக்கும். புது டப்பாதான், ஊறுகாய் இருந்த டப்பா வேண்டாம். கேப்ஸ்யூல்கள் உட்காரக் குழி குழியாக இருக்கும் ட்ரேயை அதற்குள் வைத்து, ஐம்பது கிராம் சிலிக்கா ஜெல் பை ஒன்றும், சின்ன டிஜிட்டல் ஈரப்பத மீட்டர் ஒன்றும் போடுங்கள். ஜெல் வாங்கும்போது நிறம் மாறும் ஆரஞ்சு வகை வாங்குங்கள். நீல வகையில் கோபால்ட் குளோரைடு இருக்கிறது, குழந்தைகள் இருக்கும் வீட்டில் எதற்கு. நிறம் மாறிவிட்டால் ஓவனில் 120 டிகிரியில் இரண்டு மணி நேரம், பழைய நிறம் திரும்பும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை நான் மூன்று வாரத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டியிருக்கிறது, கோடையில் அவ்வளவு இல்லை.

பழைய செம்புக் காசுகளுக்கு இன்னும் கடுமையான விதி. மண்ணில் கிடந்து வந்த காசில் குளோரைடு உப்பு இருந்தால், ஈரம் பட்டதும் வெளிர் பச்சையில் மாவு மாதிரி பூக்கும். வெண்கல நோய் என்று இதைச் சொல்வார்கள். பழைய காசின் கெட்டியான கரும்பச்சைப் படலம் வேறு, அது நல்லது. ஊசி முனையால் தொட்டால் உதிர்கிற பச்சைதான் நோய். அப்படி ஒன்றைப் பார்த்தால் உடனே தனி டப்பாவுக்கு மாற்றி, நிறைய ஜெல் போட்டு 40 சதவீதத்துக்குக் கீழே வையுங்கள்.

பீரோவின் கீழ்த்தட்டில் வைக்காதீர்கள். 2015 டிசம்பர் வெள்ளத்தைப் பார்த்தவர்களுக்கு இதற்கு மேல் சொல்ல வேண்டாம்.

எண்ணும் வரிசையும்

இதில் ஆளுக்கு ஆள் ரசனை வேறு. அரசு வாரியாக, வருட வாரியாக, உலோக வாரியாக, எதுவும் தப்பில்லை. ஆனால் நாணயத்தின் எண்ணையும் அது இருக்கும் இடத்தின் எண்ணையும் குழப்பாதீர்கள். நாணயத்துக்கு வாங்கிய வரிசையில் ஒரு எண், 1, 2, 3 என்று, அது ஆயுள் முழுக்க மாறாது. இடத்துக்குத் தனி எண்: மூன்றாவது பெட்டி, இரண்டாவது ட்ரே, பதினேழாவது குழி என்றால் 3-2-17. பெட்டியை மாற்றி அடுக்கினால் இடத்தின் எண் மட்டும் மாறும். நான் முதலில் எல்லாவற்றையும் சேர்த்து ஒரே எண்ணாக வைத்து, ஒரு பெட்டி நிறைந்ததும் நூற்றுச் சொச்சம் லேபிளைக் கிழித்து எழுதினேன்.

கேப்ஸ்யூலின் மேல் ஸ்டிக்கர் ஒட்டினால் பசை இளகி வழியும், மார்க்கரில் எழுதினால் அழியும். அமிலம் இல்லாத தாளில் பென்சிலால் எண் எழுதி, ட்ரே குழியில் கேப்ஸ்யூலுக்கு அடியில் வைப்பதே எளிது.

எக்செல்லில் இவ்வளவு போதும்: எண், இடம், முகமதிப்பு, வருடம், அக்கசாலை (நாணயம் அடித்த இடம்), எடை, விட்டம், வாங்கிய தேதி, விலை, யாரிடம் வாங்கியது, படத்தின் கோப்புப் பெயர். அக்கசாலைக் குறியைத் தனி நெடுவரிசையாக வையுங்கள். குடியரசு நாணயங்களில் வருடத்துக்குக் கீழே பாருங்கள்: வைரம் மும்பை, நட்சத்திரம் ஹைதராபாத், வட்டப் புள்ளி நொய்டா, ஒன்றுமே இல்லை என்றால் கொல்கத்தா. வருடமும் அக்கசாலையும் சேர்த்துச் சேகரிப்பவர் என்றால் ஒரு ட்ரேயில் நான்கு நெடுவரிசை வைத்து, கிடைக்காத குழியில் அந்த வருடம் எழுதிய துண்டுச்சீட்டைப் போட்டுவிடுங்கள். நாணயம் விற்பவரிடம் போகும்போது அந்த ட்ரேயைப் படம் எடுத்துப் போனால் போதும், ஏற்கெனவே இருப்பதையே இரண்டாவது முறை வாங்கி வர மாட்டீர்கள்.

ஸ்லாப் இருந்தால்

தரம் பார்த்து முத்திரை வைத்து வரும் தட்டையான பிளாஸ்டிக் பெட்டிதான் ஸ்லாப். பிசிஜிஎஸ், என்ஜிசி இரண்டும் அமெரிக்க நிறுவனங்கள், 1980-களில் தொடங்கியவை, 1 முதல் 70 வரை மதிப்பெண் போடும். ஸ்லாப்பை யாரும் திறக்கக் கூடாது, திறந்தால் மதிப்பெண் போயிற்று. இருபது ஸ்லாப் நிற்கும் பெட்டிகள் கிடைக்கும், லேபிள் மேலே தெரியும்படி நூலகத்தில் புத்தகம் நிற்பதுபோல நிறுத்தி வையுங்கள். ஒவ்வொன்றுக்கும் மெல்லிய உறை போட்டால் ஸ்லாப்பில் கீறல் விழாது. ஒன்றின் மேல் ஒன்றாகப் படுக்க வைத்தால் தேய்ந்து நாணயமே மங்கலாகத் தெரியும். ஸ்லாப்பும் காற்றுப் புகாத பெட்டி இல்லை, சிலிக்கா ஜெல் இதற்கும் உண்டு. வாங்கும்போது சான்றிதழ் எண்ணை நிறுவனத்தின் தளத்தில் போட்டு, அங்கிருக்கும் படத்தோடு ஒப்பிடுங்கள், போலி ஸ்லாப் நிறைய சுற்றுகிறது.

தரம் பார்க்க வெளிநாட்டுக்கு அனுப்பும் ஆசை வந்தால் ஒன்று கவனிக்க வேண்டும். 1972-ம் வருடத் தொல்பொருள் சட்டப்படி நூறு வருடம் தாண்டிய நாணயம் தொல்பொருள், தனியார் அதை நாட்டை விட்டு அனுப்ப முடியாது. விக்டோரியா ரூபாயைக் கூரியரில் அமெரிக்காவுக்கு அனுப்பினால் சட்டச் சிக்கல்.

லாக்கரும் வீட்டாரும்

விலை உயர்ந்தவற்றுக்கு வங்கி லாக்கர். ரிசர்வ் வங்கியின் விதிப்படி 2022 ஜனவரியிலிருந்து தீ, திருட்டு, கட்டடம் இடிவது, ஊழியர் மோசடி இவற்றுக்கு வங்கியின் பொறுப்பு, லாக்கரின் ஆண்டு வாடகையைப் போல நூறு மடங்கு வரை. வாடகை மூவாயிரம் என்றால் மூன்று லட்சம். வங்கியின் அஜாக்கிரதை இல்லாமல் வெள்ளத்தில் போனால் அதுவும் வராது, அதனால் தரைக்குக் கீழே இருக்கும் லாக்கர் அறை என்றால் வேறு கிளை பாருங்கள். லாக்கருக்குள்ளும் அதே கிளிப் டப்பா, அதே ஜெல்தான்.

எக்செல் கோப்பை அச்செடுத்து ஒரு பிரதியை வீட்டில் ஒருவரிடம் கொடுங்கள். எது சாதாரணம், எது தொடக் கூடாதது, விற்க நேர்ந்தால் யாரிடம் கேட்க வேண்டும் என்று இரண்டு வரி சேர்த்து எழுதுங்கள். சேகரித்தவர் போன பிறகு வெள்ளி ரூபாய்களை நகைக்கடையில் எடைக்குப் போட்ட வீடு எனக்கே இரண்டு தெரியும். என் பட்டியலின் மேலே பெரிய எழுத்தில் எழுதி வைத்திருப்பது: "எடைக்குப் போடாதே. விபூதி போடாதே."

வருடத்துக்கு இரண்டு முறை, மழைக்கு முன்னும் பின்னும், எல்லாப் பெட்டியையும் எடுத்துப் பார்க்கிறேன். கேப்ஸ்யூலைத் திறப்பதில்லை. டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்துத் திருப்பிப் பார்த்தாலே புதுப் புள்ளி, மூடியில் மங்கல், பச்சை எதுவானாலும் தெரிந்துவிடும். சந்தேகம் வந்த நாணயத்தை மட்டும் தனியே எடுத்து, பழைய படத்தோடு ஒப்பிட்டு, தேவைப்பட்டால் கேப்ஸ்யூலை மாற்றுகிறேன். இருநூறு நாணயத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் ஆகும்.